நீங்க அடுத்த வருஷம் வாங்கப் போற ஏசிக்கு இன்னைக்கே கரண்ட் ரெடி பண்றது யார்? மின்வாரியத்தின் 10 வருட பட்ஜெட்



இந்த சம்மர்ல ஏசி வாங்கலாம்னு ஒரு பிளான் இருக்கா? போனஸ் வந்ததும் ஷோரூமுக்குப் போவீங்க, ஈஎம்ஐ போடுவீங்க, மறுநாள் டெக்னீஷியன் வந்து மாட்டிட்டுப் போயிடுவார். சுவிட்சைப் போட்டா ஓடும். அந்த ஏசிக்கு சுமார் ஒன்றரை கிலோவாட் வேணும். அது எங்கிருந்து வரும்னு நாம யாரும் யோசிக்கறதில்லை.

ஆனா யாரோ ஒருத்தர் யோசிச்சிருக்கணும். அதுவும் இன்னைக்கு நேத்து இல்ல. வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்றாவது நிலை, 800 மெகாவாட், 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது. அதுக்கான இயந்திர ஆர்டர் கொடுத்தது 2016-ல். ஆர்டருக்குப் பிறகே எட்டு வருஷம். அதாவது நீங்க காலேஜ்லயோ ஸ்கூல்லயோ இருந்தப்பவே, 'இந்தப் பையன் சம்பாதிச்சு ஏசி வாங்குவான்'னு ஒருத்தர் கணக்குப் போட்டிருக்கார்.

அந்தக் கணக்கு சரியா இருந்தா நமக்குத் தெரியவே தெரியாது. தப்பாப் போனா ரெண்டு வழியில தெரியும். ஒண்ணு, கரண்ட் கட். இன்னொண்ணு, கரண்ட் பில். ரெண்டுக்கும் பணம் கட்டுறது நாமதான். அதனால இந்தக் கணக்கை எப்படிப் போடறாங்கன்னு ஒரு சி.ஏ. கண்ணோட்டத்துல பார்த்துடலாம். ஸ்லாப் கணக்கு பத்தின வீடியோ பார்த்தவங்களுக்கு இது அதுக்கு முந்தைய படி.

யூனிட் வேற, பீக் வேற

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். உங்க குடும்பத்தோட வருஷச் செலவு 6 லட்சம்னு வைங்க. சராசரி மாசம் 50,000. ஆனா தீபாவளி மாசத்துல மட்டும் 90,000 ஆகுது. அப்ப உங்க கையில எவ்வளவு இருக்கணும்? 50,000 போதாது. அந்த ஒரு மாசத்துக்காகவாவது 90,000 தயாரா இருக்கணும்.

மின்சாரத்துலயும் இதே கதைதான். வருஷம் முழுக்க எவ்வளவு யூனிட் செலவாகுதுங்கறது ஒரு கணக்கு. ஏதோ ஒரு கால் மணி நேரத்துல எல்லாரும் சேர்ந்து இழுக்கிற அதிகபட்ச அளவு இன்னொரு கணக்கு. அதைத்தான் உச்ச மின்தேவை, பீக் டிமாண்ட் என்று சொல்றோம். தமிழ்நாட்டில் 2024 மே 2-ம் தேதி இது 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதே மாதம் 30-ம் தேதி நாடு முழுக்க 250 ஜிகாவாட், அதாவது இரண்டரை லட்சம் மெகாவாட்.

பணத்துக்கும் மின்சாரத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. பணத்தை சேவிங்ஸ் அக்கவுண்ட்ல போட்டு தீபாவளிக்கு எடுக்கலாம். மின்சாரத்தை அப்படிப் பெரிய அளவில் சேர்த்து வைக்க இதுவரை சுலபமான வழி இல்லை. எந்த நொடியில வேணுமோ அந்த நொடியில உற்பத்தி ஆகணும். இந்தத் துறையின் எல்லாத் தலைவலியும் இங்கதான் ஆரம்பிக்குது.

படி 1: தேவையைக் கணிப்பது

நாடு முழுக்க இந்தக் கணிப்பைச் செய்யறது மத்திய மின்சார ஆணையம். மாநிலவாரியா அடுத்த பல வருஷங்களுக்கு எவ்வளவு தேவைப்படும்னு ஒரு சர்வே வெளியிடுவாங்க. 20-வது சர்வே 2022-ல் வந்தது. மாநில மின் நிறுவனங்களும் தங்கள் பங்குக்குத் தனியா கணிப்பாங்க.

எப்படி? வீடு, கடை, விவசாயம், சின்னத் தொழில், பெரிய தொழிற்சாலை என்று வகை பிரிச்சு, ஒவ்வொண்ணும் எந்த வேகத்துல வளருதுன்னு பார்ப்பாங்க. கேட்க சுலபமா இருக்கும். ஆனா தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகளுக்கு மின்சாரம் இலவசம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே கிடையாது. அங்கே மோட்டாரின் குதிரைத்திறன், ஓடும் மணி நேரம் வைத்து மதிப்பிடத்தான் முடியும். இன்னொரு பக்கம், மாடியில சோலார் போட்ட வீடுகள் பகல்ல ஈபியிடம் வாங்கறது குறைஞ்சிடும். அவங்க தேவை குறையல, ஈபி கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். மேகம் மூடினா அந்தத் தேவை மொத்தமும் திடீர்னு திரும்பி வரும்.

ஒரு கற்பனை ஊரை வைத்து கணக்கு போடுவோம்.

- வருஷத்துக்கு மக்கள் பயன்படுத்துவது: 88 கோடி யூனிட்
- கம்பியிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் இழப்பு 12% என்றால் வாங்க வேண்டியது: 100 கோடி யூனிட்
- வருஷத்துக்கு 8,760 மணி நேரம். வகுத்தால் சராசரித் தேவை: சுமார் 114 மெகாவாட்
- சராசரி, பீக்கில் 70% தான் என்று வைத்தால் பீக்: சுமார் 163 மெகாவாட்
- ஏதாவது யூனிட் பழுதானால் சமாளிக்க 10% ரிசர்வ்: சுமார் 180 மெகாவாட்

கவனிச்சீங்களா? சராசரித் தேவை 114. தயாரா வைக்க வேண்டியது 180. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற 66 மெகாவாட், வருஷத்துல பெரும்பாலான நேரம் சும்மா இருக்கும். ஆனா அதுக்கும் செலவு உண்டு.

படி 2: கையில் உள்ள மெகாவாட் எல்லாம் கணக்கில் வராது

'தமிழ்நாட்டுல காற்றாலை மட்டுமே 10,000 மெகாவாட்டுக்கு மேல இருக்கே, அப்புறம் என்ன பற்றாக்குறை?' நியாயமான கேள்விதான்.

உங்க டீமேட் அக்கவுண்ட்ல 10 லட்சம் இருக்கு, ஆனா நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியில 2 லட்சம் கட்டணும் என்றால் அந்த 10 லட்சத்துக்கு என்ன மதிப்பு? அதே நிலைதான். ஆரல்வாய்மொழி, பாலக்காடு கணவாய்கள்ல காற்று பலமா வீசறது மே கடைசியில் ஆரம்பிச்சு செப்டம்பர் வரை. நம்ம உச்சத் தேவை வர்றது ஏப்ரல், மே. ஏசி ஓடற நேரத்துல காற்று இன்னும் வந்திருக்காது. சோலார் மதியம் அள்ளிக் கொடுக்கும், சாயங்காலம் 7 மணிக்குப் பூஜ்யம். அணையில தண்ணி இருந்தா புனல் மின்சாரம். பருவமழை பொய்த்தா அதுவும் குறையும்.

அதனால திட்டம் போடறவங்க நிறுவு திறனை அப்படியே கூட்ட மாட்டாங்க. 'நமக்கு ரொம்பத் தேவைப்படுற அந்த மணி நேரத்துல இதுல எவ்வளவை நம்பலாம்?' என்றுதான் கேட்பாங்க. அனல், அணு நிலையங்களுக்கு அந்த மதிப்பு அதிகம். ஏப்ரல் மாசச் சாயங்காலத்துல சோலாருக்கு அது கிட்டத்தட்ட சைபர். இதனால சோலார் வேஸ்ட்டுன்னு அர்த்தமில்ல. பகல்ல மலிவான யூனிட் தருது, நிலக்கரியை மிச்சப்படுத்துது. ஆனா அது எமர்ஜென்சி ஃபண்ட் இல்ல.

படி 3: வாடகை வீடா, ஓட்டல் ரூமா?

தேவை தெரிஞ்சாச்சு. எங்கே வாங்கறது? சொந்த நிலையம் கட்டலாம். மத்திய அரசு நிலையங்களில் பங்கு வாங்கலாம். தனியாரோடு 15, 25 வருஷ ஒப்பந்தம் போடலாம். இல்லைன்னா எக்ஸ்சேஞ்சில் அன்னன்னைக்கு வாங்கலாம். இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்ச் 2008-லிருந்து இயங்குது. நாளைய 24 மணி நேரத்தை 15 நிமிஷம் வீதம் 96 துண்டாகப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஏலம் நடக்கும்.

நீண்ட கால ஒப்பந்தம் என்பது வாடகை வீடு மாதிரி. ரெண்டு பகுதிக் கட்டணம். நிலையம் தயாரா இருந்தாலே ஒரு நிலைக் கட்டணம் கொடுக்கணும். மின்சாரம் எடுத்தாலும் எடுக்கலைன்னாலும். நீங்க ஊருக்குப் போயிட்டீங்கன்னு ஹவுஸ் ஓனர் வாடகையைக் குறைப்பாரா? எடுத்த யூனிட்டுக்கு எரிபொருள் கட்டணம் தனி.

உதாரணத்துக்கு, ஒரு அனல் நிலையத்தில் 85% நேரம் எடுத்தால் நிலைக் கட்டணம் யூனிட்டுக்கு 1.80 ரூபாய், எரிபொருள் 3 ரூபாய், மொத்தம் 4.80 என்று வைப்போம். அதே நிலையத்தில் 40% தான் எடுக்கறோம் என்றால்? நிலைக் கட்டணத் தொகை மாறாது, வகுக்கற யூனிட் குறையும். யூனிட்டுக்கு 3.83 ரூபாய் ஆயிடும். மொத்தம் 6.83. நிலையம் அதேதான், நிலக்கரி அதேதான். அளவுக்கு மேல ஒப்பந்தம் போட்டதுக்கான விலை இது.

எக்ஸ்சேஞ்ச் என்பது ஓட்டல் ரூம். சீசன் இல்லாதப்போ சல்லிசு. மதியம் சோலார் நிறைய வரும்போது யூனிட் ரெண்டு ரூபாய்க்கும் கீழே போன நாட்கள் உண்டு. சீசன்ல? இப்போதைக்கு உச்சவரம்பு 10 ரூபாய். கோடைச் சாயங்காலத்தில் அந்த வரம்பைத் தொடுறது புதுசில்ல. அதைவிட முக்கியமான விஷயம், சில நேரம் காசு கொடுத்தாலும் ரூம் கிடைக்காது. ஏன்னா நமக்குப் பற்றாக்குறை இருக்கற அதே நேரத்துல பக்கத்து மாநிலங்களும் வாங்க வந்து நிற்கும்.

200 மணி நேரத்துக்கு 70 ரூபாய்

இந்தப் பதிவுல ஒரே ஒரு கணக்கை மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க.

மேலே சொன்ன அனல் நிலையத்தில் ஒரு கிலோவாட் திறனை ஒரு வருஷம் கையில் வைத்திருக்க எவ்வளவு? 8,760 மணியில் 85% என்றால் 7,446 மணி. 1.80 ரூபாயால் பெருக்கினால் சுமார் 13,400 ரூபாய்.

இப்ப, பீக்கின் உச்சி வருஷத்துக்கு 200 மணி நேரம்தான் வருதுன்னு வைப்போம். அந்த 200 மணிக்காக மட்டும் ஒரு புது நிலையத்தைக் கட்டினா, 13,400-ஐ 200-ஆல் வகுக்கணும். நிலைக் கட்டணம் மட்டும் யூனிட்டுக்கு 67 ரூபாய். எரிபொருள் சேர்த்தா 70.

எல்லாரும் ஆபீஸ் விட்டு வந்து ஏசி, கீசர், மிக்ஸி, டிவி எல்லாத்தையும் ஒண்ணாப் போடற அந்த மணி நேரத்துல, கடைசி யூனிட்டின் உண்மையான விலை இப்படி எகிறுது. உங்க மீட்டருக்கு இது தெரியாது. மதியம் 1 மணி யூனிட்டும் சாயங்காலம் 7.30 மணி யூனிட்டும் அதுக்கு ஒண்ணுதான். ஆனா வாங்கிக் கொடுக்கறவங்க புத்தகத்துல ரெண்டும் வேற வேற பொருள்.

அதனாலதான் இந்த 200 மணிக்கு வேற வழி தேடறாங்க. மூணு வழி இருக்கு.

முதல் வழி, சேமிப்பு. கோவை மாவட்டம் கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் ரொம்ப காலமா இருக்கு. மின்சாரம் மிச்சமா இருக்கும்போது தண்ணியை மேல ஏத்தி வச்சு, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பாங்க. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரி ஒண்ணு கட்டிட்டு இருக்காங்க. பேட்டரி நிலையங்களுக்கும் தமிழ்நாடு டெண்டர் விட்டிருக்கு.

ரெண்டாவது, மாநிலங்களுக்கு இடையே பரிமாற்றம். நம்ம ஊர்ல காற்று அடிக்கும்போது நாம கொடுக்கறது, நமக்குத் தேவையான மாசத்துல அவங்ககிட்ட வாங்கறது.

மூணாவது, நம்ம பழக்கத்தை நகர்த்தறது. இதுக்குப் பிறகு வருவோம்.

குறைவா கணிச்சா: நம்ம ஊரு அனுபவம்

உங்கள்ல பலர் அப்ப ஸ்கூல்ல இருந்திருப்பீங்க. 2012-ல் சென்னையில் 2 மணி நேரம் கரண்ட் கட் என்றால் மாவட்டங்கள்ல 10 மணி நேரத்துக்கும் மேல. சிம்னி விளக்குல படிச்ச ஞாபகம் நிறைய பேருக்கு இருக்கும். தொழிற்சாலைகளுக்கு அதுக்கும் முன்னாடி, 2008 நவம்பர்லயே கட்டுப்பாடு ஆரம்பிச்சாச்சு. அது முழுசா விலகினது 2015-ல். கோவை, திருப்பூர் பக்கம் சின்னப் பட்டறை வச்சிருந்தவங்க டீசல் ஜெனரேட்டருக்கே லாபத்தைக் கொடுத்தாங்க.

என்ன தப்பாச்சு? தேவை வேகமா வளர்ந்தது. அதே வேகத்தில் புது நிலையங்கள் வரலை, வர வேண்டியவை தாமதமாச்சு. காற்று இல்லாத மாதங்கள்ல ஓட்டை பெரிசாச்சு. 'சரி, வெளியில வாங்கிக்கலாம்' என்றால் அங்கே இன்னொரு தடை. தென் மாநிலங்களின் கிரிட் தேசிய கிரிட்டோடு ஒத்திசைவா இணைஞ்சதே 2013 டிசம்பர் 31-ம் தேதிதான், ராய்ச்சூர் – சோலாப்பூர் லைன் மூலமா. அதுவரைக்கும் வடக்கே மின்சாரம் இருந்தாலும் கொண்டு வர வழி குறுகல். நிலையம் கட்டறது மட்டும் திட்டமிடல் இல்ல, கம்பி இழுக்கறதும் அதுல பாதி.

நெருக்கடிக்கு நடுவுல 2013-ல் தனியார் நிறுவனங்களோடு 3,330 மெகாவாட்டுக்கு 15 வருஷ ஒப்பந்தங்கள் போடப்பட்டன. கரண்ட் வந்தது. ஆனா அவசரத்துல போடற எந்த ஒப்பந்தத்துக்கும் ஒரு பொது விதி உண்டு: ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுட்டு பர்சனல் லோன் வட்டிக்குப் பேரம் பேச முடியாது.

அதிகமா கணிச்சா: ஒரு அமெரிக்கக் கதை

'அப்போ எதுக்கும் நிறையவே கட்டி வச்சுடலாமே?' அதையும் ஒரு இடத்துல செஞ்சு பார்த்திருக்காங்க. உலகத்துல எங்க மின் திட்டமிடல் பத்திப் பேசினாலும் எச்சரிக்கையா சொல்ற உதாரணம் இது.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் பப்ளிக் பவர் சப்ளை சிஸ்டம் என்று ஒரு பொது நிறுவனம். அந்தப் பகுதியில் மின் தேவை வருஷம் 7% போல வளர்ந்துட்டு இருந்தது. நம்ம 72 விதி ஞாபகம் இருக்கா? 7% என்றால் சுமார் 10 வருஷத்துல இரட்டிப்பு. இது அப்படியே தொடரும்னு நம்பி 1970-களில் அஞ்சு அணு மின் நிலையங்களைக் கட்ட ஆரம்பிச்சாங்க. பாண்ட் வெளியிட்டுப் பணம் திரட்டினாங்க.

எண்ணெய் விலை ஏறிச்சு, பொருளாதாரம் சுணங்கிச்சு, கட்டணம் ஏறினதும் மக்கள் மின்சாரத்தைச் சிக்கனமா பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. தேவையின் வளர்ச்சி படுத்துடுச்சு. கட்டுமானச் செலவோ பல மடங்கு ஏறிச்சு. 1982 ஜனவரியில் 4, 5-ம் நிலையங்களைப் பாதியில் கைவிட்டாங்க. அதன் செலவை ஏற்பதாக ஒப்பந்தம் போட்டிருந்த ஊர் மின் நிறுவனங்கள் கட்டத் தேவையில்லைன்னு மாநில உச்ச நீதிமன்றம் 1983-ல் தீர்ப்பு சொல்லிச்சு. அதே வருஷம் ஜூலையில் 225 கோடி டாலர் பாண்ட் திவால். அந்த வகை பாண்டில் அமெரிக்கா அதுவரை பார்த்திராத பெரிய தொகை. அஞ்சு நிலையத்துல ஓடறது ஒண்ணே ஒண்ணு.

'அரசு சார்ந்த மின் நிறுவனம், பாதுகாப்பானது'ன்னு அந்த பாண்டை வாங்கினவங்கள்ல நிறைய பேர் சாதாரண சேமிப்பாளர்கள். ஒரு தப்பான வளர்ச்சி விகிதம் அவங்க சேமிப்பைத் தின்னுடுச்சு. மியூச்சுவல் ஃபண்டின் போன அஞ்சு வருஷ ரிட்டர்னை அப்படியே அடுத்த இருபது வருஷத்துக்கு எக்ஸெல்ல இழுக்கிற நண்பர்களுக்கும் இந்தக் கதை பொருந்தும்.

அப்போ எவ்வளவுதான் வைக்கணும்?

குறைச்சலும் ஆபத்து, அதிகமும் ஆபத்து. அதனால உலகம் முழுக்க ஒரு அளவுகோல் வச்சிருக்காங்க: பற்றாக்குறை வர்ற வாய்ப்பு எவ்வளவு இருந்தா ஏத்துக்கலாம்? மத்திய மின்சார ஆணையத்தின் 2023 தேசிய மின் திட்டம் இதை 0.2% என்று வச்சிருக்கு. 8,760 மணியில் 0.2% என்றால் சுமார் 17 மணி 30 நிமிஷம். பூஜ்யம் ஏன் இல்ல? ஒவ்வொரு ரிஸ்க்கையும் கவர் பண்ற இன்ஷூரன்ஸ் எடுத்தா பிரீமியமே சம்பளத்தைத் தாண்டிடும். கடைசி சில மணி நேரத்தின் விலையை மேலே பார்த்தோமே, அதேதான்.

2023 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சகம் ஒரு வழிகாட்டு நெறிமுறை கொண்டு வந்தது. ஒவ்வொரு மின் விநியோக நிறுவனமும் 10 வருஷத் திட்டம் போட்டு, அதை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். தேவையில் 75 முதல் 80% வரை நீண்ட கால ஒப்பந்தம், 10 முதல் 20% நடுத்தர காலம், மிச்சம் குறுகிய காலம் என்று ஒரு கலவையையும் பரிந்துரைக்குது. பார்த்தா அஸெட் அலொகேஷன் மாதிரியே இருக்கு இல்லையா? ஒரே கூடையில வைக்காதே, ஆனா எல்லாத்தையும் டிரேடிங்லயும் போடாதே.

உங்க பாக்கெட்டுக்கு இதனால என்ன?

ஒண்ணு, கட்டண உயர்வு. மின் நிறுவனத்தின் செலவில் பெரும்பகுதி மின்சாரம் வாங்கறதுக்குத்தான் போகுது. தமிழ்நாட்டில் 2014-க்கு அப்புறம் எட்டு வருஷம் கட்டணம் ஏத்தாம, 2022 செப்டம்பர்ல ஒரேயடியா ஏத்தினாங்க. ஏத்தாத வருஷங்கள்ல செலவு நின்னுடலை, கடனா மாறிச்சு. மின்துறையின் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டினது இப்படித்தான், வட்டி மேல வட்டியா. 2022 ஆணைப்படி 2026-27 வரை ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி, அதிகபட்சம் 6% வரை உயர்த்த வழி இருக்கு. 2023-ல் 2.18%, 2024-ல் 4.83%. சில வருஷம் வீட்டு இணைப்புக்கான உயர்வை அரசே ஏத்துக்கிச்சு. அதுவும் நம்ம வரிப்பணம்தான். உங்க மாச பட்ஜெட்ல கரண்ட் பில்லுக்கு வருஷம் 5% உயர்வு போட்டு வைங்க.

ரெண்டு, நேரத்துக்கு ஏற்ற விலை. தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்பு வாங்கின தொழிற்சாலைகள் காலை 6.30 முதல் 10.30, மாலை 6 முதல் 10 மணி வரை 25% கூடுதலாகக் கட்டுறாங்க. 2023-ல் வந்த மத்திய விதிப்படி, ஸ்மார்ட் மீட்டர் மாட்டினதும் வீடுகளுக்கும் இது வரணும்: சூரிய ஒளி நேரத்தில் குறைந்தது 20% மலிவு, பீக்கில் குறைந்தது 10% கூடுதல். எப்போ, எப்படிங்கறதை மாநில ஆணையம் முடிவு பண்ணும். இப்பவே பழகிக்கறது நல்லது. வாஷிங் மெஷின், மோட்டார், மின் ஸ்கூட்டர் சார்ஜ் இதையெல்லாம் சாயங்காலம் 6 டு 10-லிருந்து நகர்த்த முடியுமான்னு பாருங்க. வாடகை வீடுன்னாலும் இது உங்களால முடியும்.

மூணு, மாடி சோலார். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம். ஆனா உங்க பேனல் கொடுக்கறது மதிய யூனிட், நீங்க திருப்பி எடுக்கறது ராத்திரி யூனிட். இன்னைக்கு நெட் மீட்டரிங்ல ரெண்டும் சமம். மின் நிறுவனத்துக்கு ரெண்டும் சமமில்லைன்னு இப்ப உங்களுக்குத் தெரியும். அதனால '4 வருஷத்துல காசு திரும்பி வந்துடும்'னு யாராவது சொன்னா, விதி மாறினாலும் 6, 7 வருஷத்துல வருமான்னு நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க. வந்தா தாராளமாப் போடுங்க.

நாலு, இன்வெர்ட்டர். 17 மணி நேரக் கணக்கு உற்பத்திப் பற்றாக்குறைக்கு மட்டும். உங்க தெருவுல கரண்ட் போறதுக்குக் காரணம் பெரும்பாலும் கேபிளும் டிரான்ஸ்ஃபார்மரும். மாநிலத்துல உபரி இருக்குன்னு நியூஸ் வந்தாலும் உங்க தெரு இருட்டா இருக்கலாம். அதனால இன்வெர்ட்டர் முடிவை நியூஸ் பார்த்து எடுக்காதீங்க. உங்க ஏரியாவுல போன ஆறு மாசம் எத்தனை மணி நேரம் போச்சுன்னு பார்த்து எடுங்க.

அஞ்சு, டெபாசிட். அப்பா, அம்மா பணத்தை தமிழ்நாடு பவர் ஃபைனான்ஸ்ல போட்டிருக்கீங்களா? நிறைய குடும்பங்கள்ல உண்டு. அது மாநில அரசுக்குச் சொந்தமான நிதி நிறுவனம். அந்தப் பணம் முக்கியமா மாநில மின் நிறுவனங்களுக்குத்தான் கடனாப் போகுது. வங்கி டெபாசிட்டுக்கு இருக்கிற 5 லட்சம் இன்ஷூரன்ஸ் எந்த நிதி நிறுவன டெபாசிட்டுக்கும் கிடையாது, இதுக்கும்தான். போடாதீங்கன்னு நான் சொல்லலை. வங்கியை விடக் கூடுதலா வர்ற வட்டி எதுக்காக வருதுன்னு தெரிஞ்சு போடுங்க, மொத்தத்தையும் அங்கேயே போடாதீங்க.

கடைசியா ஒண்ணு

இந்த 10 வருஷ பட்ஜெட்ல உங்களுக்கும் பேச உரிமை இருக்கு. கட்டணம் மாறும் முன் மனு தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகும். பொதுமக்கள் கருத்துச் சொல்ல அவகாசம் தருவாங்க. 2022 ஆகஸ்ட்ல கோவை, மதுரை, சென்னையில் கூட்டமே நடத்தினாங்க. அந்த மனுவைத் திறந்து மூணு எண்ணை மட்டும் தேடுங்க: அடுத்த வருஷத்துக்குக் கணிச்ச தேவை எவ்வளவு, போன வருஷம் கணிச்சதுக்கும் நடந்ததுக்கும் வித்தியாசம் எவ்வளவு, எடுக்காத மின்சாரத்துக்குக் கட்டின நிலைக் கட்டணம் எவ்வளவு. ஒரு கம்பெனியின் பட்ஜெட்டையும் ஆக்சுவலையும் பக்கத்துல வச்சுப் பார்க்கற அதே வேலைதான். கேள்வி இருந்தா மின்னஞ்சல்ல ஒரு பக்கம் எழுதி அனுப்புங்க.

அடுத்த வீடியோவுல ஒரு உண்மையான வீட்டு பில்லை எடுத்து, மாடி சோலார் கணக்கை வரி வரியாப் போட்டுப் பார்க்கலாம். மேலே கற்பனை ஊருக்கும் அனல் நிலையத்துக்கும் கொடுத்த எண்கள் எல்லாம் விளக்கத்துக்கு மட்டும். எந்த முதலீட்டுக்கும் இது பரிந்துரை இல்லை.